உஷார்! அந்த மவுஸ் ஃபைலைத் திறக்காதீர்கள்

தம்பிகளா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேளுங்கள். மவுஸுக்கு என்று சொல்லி யார் எந்த ஃபைலை அனுப்பினாலும் திறக்காதீர்கள். டெலிகிராம் குரூப்பில் வந்தாலும் சரி, யூடியூப் வீடியோவுக்குக் கீழே லிங்காகக் கிடந்தாலும் சரி, கூட விளையாடும் நண்பனே பென்டிரைவில் கொண்டுவந்து நீட்டினாலும் சரி. ‘நோ ரீகாயில் மேக்ரோ’, ‘ஹெட்ஷாட் செட்டிங்’, ‘ப்ரோ டிபிஐ பேக்’ என்று பெயர் என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம். உள்ளே இருப்பது உங்கள் கணக்கை முடக்க வைக்கும் கள்ளவேலையாக இருக்கும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பணத்துக்குக் குறிவைத்து வந்த திருட்டு நிரலாக இருக்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பந்தல்குடியில் உட்கார்ந்துகொண்டு இதை இவ்வளவு பதற்றமாக எழுதக் காரணம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது. அதற்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐ-யும் 2022 ஜூலையில் முடங்கி, அடுத்த ஆண்டுதான் திரும்பியது. அந்த இடைவெளிகளில் செல்போனை விட்டுவிட்டு கம்ப்யூட்டருக்கு மாறிய பையன்கள் ஊருக்கு ஊர் உண்டு. வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டு இலவசம், சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் நம் பக்கத்தில் விளையாட்டுக்கென்று தனி கம்ப்யூட்டர் வைத்திருக்கிற வீடு எத்தனை? அண்ணன் காலேஜுக்கு வாங்கிய லேப்டாப்தான். அதிலேதான் அப்பா கரிமூட்ட லோடுக்குக் கணக்கு எழுதுகிறார். அக்கா வேலைக்கு விண்ணப்பம் போடுவதும், அம்மாவின் ஆதாரும் பாஸ்புக்கும் ஸ்கேனாகிக் கிடப்பதும், நெட்பேங்கிங் பாஸ்வேர்டை பிரவுசர் ஞாபகம் வைத்திருப்பதும் அதே பெட்டியில்தான். பெருநகரத்துப் பையன் தவறான ஃபைலைத் திறந்தால் அவனுடைய விளையாட்டுக் கணக்கு போகும். இங்கே திறந்தால் குடும்பமே அதில் இருக்கிறது.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஆன்லைனில் வாங்கிய மவுஸைக் கொண்டுவந்து காட்டினான். ஏழு கலர் விளக்கு, அடியில் பாதி உரிந்த ஸ்டிக்கர், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘7200 டிபிஐ’. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய தாள். அதில் ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்து டிரைவரை இறக்கிக்கொள்ளச் சொல்லிப் பொடி எழுத்தில் ஒரு வரி. ஸ்கேன் செய்தால் கம்பெனியின் தளம் வரவில்லை. யாரோ ஒருவருடைய கிளவுட் ஃபோல்டர் திறந்தது. சுருக்கி வைத்த ஒரு ஃபைல், அதற்குப் பூட்டாக ஒரு பாஸ்வேர்ட், கூடவே ‘இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்’ என்று ஒரு குறிப்பு. ஃபைலுக்குப் பாஸ்வேர்ட் போடுவதே ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி செய்யத்தான். அதையும் மீறிக் கண்டுபிடித்துவிடுமோ என்றுதான் அதை அணைக்கச் சொல்கிறார்கள். இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், அழித்துவிடுங்கள். அந்த மவுஸ் எந்த டிரைவரும் இல்லாமலே வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பியில் செருகியதுமே விண்டோஸ் அதைத் தெரிந்துகொள்ளும். அந்த சாஃப்ட்வேர் இல்லாவிட்டால் விளக்கின் கலரை மாற்ற முடியாது, அவ்வளவுதான்.

மலிவு மவுஸுக்குத்தான் இந்த ஆபத்து, நல்ல கம்பெனி மவுஸ் வாங்கினால் கவலையில்லை என்று நினைக்கிறீர்களா? அதுவும் நிச்சயமில்லை. எண்ட்கேம் கியர் என்பது போட்டி வீரர்களுக்காகவே மவுஸ் செய்யும் ஜெர்மன் நிறுவனம். அவர்களுடைய ஓபி1டபிள்யூ 4கே வி2 என்ற மவுஸை செட் செய்யும் மென்பொருளை, 2025 ஜூன் 26-க்கும் ஜூலை 9-க்கும் இடையில் அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே இறக்கியவர்களுக்கு, எக்ஸ்ரெட் என்ற திருட்டு நிரலும் சேர்ந்தே இறங்கியது. வாங்கியவர்கள் சந்தேகப்பட்டுப் பேசத் தொடங்கிய பிறகு நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. நீங்கள் கீபோர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் எக்ஸ்ரெட் பதிவு செய்யும். கம்ப்யூட்டரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி வெளியே அனுப்பும். செருகப்படும் பென்டிரைவிலும், எக்செல் ஃபைல்களிலும் தொற்றிக்கொண்டு அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவும். பென்டிரைவில் தாவும் என்பதை நன்றாக மனதில் வையுங்கள். அருப்புக்கோட்டையில் பிரிண்ட் எடுக்கும் கடையிலும், இ-சேவை மையத்திலும் நாம் செருகுவது அதே பென்டிரைவைத்தான்.

இந்த நிரல் ‘சினாப்டிக்ஸ்’ என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும். பல லேப்டாப்களின் டச்பேட் டிரைவருக்கு உண்மையிலேயே அந்தப் பெயர் என்பதால் பார்ப்பவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள். சி டிரைவில், புரோகிராம்டேட்டா என்ற ஃபோல்டருக்குள், மறைத்து வைக்கப்பட்ட சினாப்டிக்ஸ் ஃபோல்டரும் அதில் அதே பெயரில் ஓடும் ஒரு ஃபைலும் இருந்தால் உடனே இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து முழுதாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் ரேஸர் மவுஸை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் போதும், அதன் சாஃப்ட்வேர் தானாக இறங்கி இன்ஸ்டாலாகத் தொடங்கியது. அந்த இன்ஸ்டாலர் வழியாக யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரின் உச்சகட்ட அதிகாரத்தைக் கைப்பற்றலாம் என்று ஒரு ஆய்வாளர் செய்து காட்டினார். நிறுவனம் பிறகு சரிசெய்தது. கேமிங் சென்டரும் கம்ப்யூட்டர் சென்டரும் நடத்துகிற அண்ணாச்சிமார் இதைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் மவுஸை அனுமதிக்கிறீர்கள் என்றால், விண்டோஸ் அப்டேட் நிலுவையில் இருக்கவே கூடாது. விளையாடும் கணக்கு அட்மின் கணக்காகவும் இருக்கக் கூடாது.

அடுத்தது மேக்ரோ. சுட்டால் துப்பாக்கி மேலே உதறும். அந்த உதறலை மவுஸே கீழே இழுத்துச் சரிசெய்யும்படி ஒரு பட்டனில் எழுதி வைப்பதுதான் ‘நோ ரீகாயில்’. ‘ஹேக் இல்லை அண்ணே, மவுஸ் செட்டிங்தான்’ என்று பையன்கள் சொல்கிறார்கள். விளையாட்டை நடத்துகிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. வாலரண்டின் வேன்கார்ட் என்ற காவல் நிரல் விண்டோஸின் அடித்தளம்வரை இறங்கிப் பார்க்கிறது. பிடிபட்டால் கணக்கை மட்டுமல்ல, அந்த கம்ப்யூட்டரையே தடை செய்வதுண்டு. அப்புறம் அதே லேப்டாப்பில் தம்பியும் விளையாட முடியாது. சென்டரில் என்றால் அந்த மெஷினில் அடுத்து உட்காருகிறவனுக்கும் அதே கதி. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில், ஒரே அழுத்தலில் பல வேலைகளைச் செய்யும் தானியங்கி வசதிகளைத் தங்கள் சர்வர்களில் தடை செய்தது. ரேஸர் போன்ற பெரிய நிறுவனங்களே கீபோர்டில் வெளிப்படையாக விற்ற வசதியும் அதில் அடக்கம். கடையில் விற்கிறார்கள், அதனால் அனுமதி உண்டு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்ததை இந்தியாவில் விளையாடுகிற ஒருவரும் மறக்கக் கூடாது. எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் என்ற ஆசியப் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணிக்காக ஆடிய நிகில் குமாவத், ‘ஃபர்சேக்கன்’ என்ற பெயரில் அறியப்பட்டவர், போட்டியின் நடுவிலேயே பிடிபட்டார். குறிபார்த்துச் சுட உதவும் கள்ள நிரலை வேர்ட் என்ற சாதாரணப் பெயரில் ஒளித்து வைத்திருந்தார். நடுவர்கள் வந்து பார்க்கும்போதே அதை அழிக்கப் பார்த்தார். அவருக்கு ஐந்து ஆண்டுத் தடை விழுந்தது. ஆனால் என்னை உலுக்குவது அது அல்ல. எந்தத் தப்பும் செய்யாத மற்ற வீரர்களும் அன்றே போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், அணியே கலைக்கப்பட்டது. அந்தப் போட்டிக்காகப் பயிற்சி எடுத்த பையன்கள் அவர்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை, அதாவது இந்த மாதிரி வீடியோ கேம் போட்டிகளை, விளையாட்டுப் பிரிவில் சேர்த்துவிட்டது. வேடிக்கையாகப் பதினேழு வயதில் போட்ட மேக்ரோ, இருபது வயதில் உண்மையான ஒரு வாய்ப்பு வரும்போது குறுக்கே நிற்கும்.

பழைய மவுஸ் வாங்குகிறவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. பல கேமிங் மவுஸ்களுக்குள் சொந்த நினைவகம் உண்டு. முன்பு வைத்திருந்தவன் எழுதிய மேக்ரோ மவுஸோடேயே உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். சாஃப்ட்வேர் எதுவும் போடவில்லையே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். பட்டனை அழுத்தினால் அது ஓடும். வாங்கியதும் நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். ஒரு கிளிக்குக்கு ஒரு கிளிக்தான் நடக்க வேண்டும். அழுத்திப் பிடிக்கும்போது அம்பு தானாகக் கீழே நகரக் கூடாது. சந்தேகமிருந்தால் கம்பெனியின் தளத்திலிருந்தே அதன் மென்பொருளை இறக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து, பிறகு அந்த மென்பொருளையும் நீக்கிவிடுங்கள்.

ஃபைலும் இல்லாமல், மேக்ரோவும் இல்லாமல் நன்றாக ஆட முடியுமா என்றால், தாராளமாக முடியும். பையன்கள் ஏமாறுவதே இந்த இடத்தில்தான். குறி தவறுவதற்குக் காரணம் ‘செட்டிங் ஃபைல்’ இல்லாதது அல்ல. பெட்டியில் போட்ட பெரிய எண்ணை நம்பி டிபிஐ-யை, அதாவது கை அசைவுக்குக் குறி எவ்வளவு தூரம் நகரும் என்ற அளவை, உச்சத்தில் வைத்திருப்பதுதான். கணக்கைப் பாருங்கள். வாலரண்டின் செட்டிங்கில் இருக்கும் சென்சிடிவிட்டியை 1 வைத்து 3200 டிபிஐயில் ஆடினால், மவுஸை நான்கு சென்டிமீட்டர் நகர்த்தும்போதே ஆள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுவார். ஒரு தீக்குச்சி நீளத்துக்குள் முந்நூற்றறுபது டிகிரி! அதில் எதிரியின் தலையை எப்படிக் குறிவைக்க முடியும்? 800 டிபிஐ, சென்சிடிவிட்டி 0.35 என்று வையுங்கள். முழுச் சுற்றுக்குக் கிட்டத்தட்ட 47 சென்டிமீட்டர் ஆகும். இரண்டையும் பெருக்கினால் 280. உலக அளவில் ஆடும் வாலரண்ட் வீரர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பெருக்குத்தொகை 200-க்கும் 400-க்கும் இடையில்தான் இருக்கிறது. பள்ளிக்கூட ஸ்கேலை மவுஸ் பக்கத்தில் வைத்து, பயிற்சித் திடலில் ஒருமுறை சுற்றி அளந்து பாருங்கள். முதல் ஒரு வாரம் கை வலிக்கிற மாதிரி மெதுவாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள்தான் மேக்ரோ தேடிப் போகிறார்கள்.

விண்டோஸின் மவுஸ் செட்டிங்கில் ‘என்ஹான்ஸ் பாயிண்டர் பிரசிஷன்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பெயரில்தான் துல்லியம், வேகத்துக்குத் தக்கபடி தூரத்தை மாற்றி, கையின் பழக்கத்தையே குழப்பிவிடும். வேக அளவை நடுவில், ஆறாவது கோட்டில் நிறுத்துங்கள். போலிங் ரேட் 1000 ஹெர்ட்ஸ் போதும். அதாவது, ஒரு வினாடியில் ஆயிரம் முறை மவுஸ் தன் நகர்வைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. 8000 என்று விளம்பரம் செய்வதைப் பழைய லேப்டாப்பில் வைத்தால் பிராசசர் திணறி படமே விட்டுவிட்டு ஓடும்.

வாங்கும்போது செய்ய ஒரு சோதனை. விளையாட்டில் ஒரு புள்ளியைக் குறிபார்த்து நில்லுங்கள். மேசையில் மவுஸ் இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பலமாக வலப்பக்கம் வீசி, மெதுவாக அதே கோட்டுக்குத் திரும்புங்கள். குறி அதே புள்ளிக்கு வர வேண்டும். மலிவு சென்சார்கள் வேகத்தில் கணக்கை விட்டுவிடும். பார்வை வானத்துக்கோ தரைக்கோ போய்விடும். ‘7200’ என்று போட்டிருந்த அந்த மவுஸும் இதில் தேறவில்லை. இப்படிப்பட்டவற்றில் சென்சார் உண்மையில் பார்ப்பது குறைவு, மீதியைப் பெருக்கிக் காட்டுகிறது. விலை குறைந்தாலும் பரவாயில்லை, கம்பி வைத்த, சென்சாரின் பெயரை வெளிப்படையாகச் சொல்லும் மவுஸாகப் பார்த்து, பில்லோடும் வாரண்டியோடும் வாங்குங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. கோடையில் கரிசல் புழுதி; சுண்ணாம்புக்கல் சுரங்கப் பக்கம் வெள்ளைத் தூசி. மவுஸின் அடியில் லென்ஸுக்கு மேல் ஒரு நூலளவு பிசிறு ஒட்டினாலும் குறி தானாக நடுங்கும். உடனே ‘ஜிட்டர் ஃபிக்ஸ்’ ஃபைல் தேடாதீர்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். சிவகாசி காலண்டர் அட்டையைப் பேடாகப் போட்டு ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் வழவழப்பும் பல வண்ணமும் சென்சாரைத் தடுமாற வைக்கும். ஒரே நிறத்தில் பெரிய துணிப் பேட் ஒன்று போதும்.

ஏற்கெனவே அப்படி ஒரு ஃபைலைத் திறந்துவிட்டீர்களா? வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள், இன்றைக்கே சொல்லுங்கள். அப்பா அம்மாமாரும் இந்த நேரத்தில் கை ஓங்க வேண்டாம்; பயந்துபோன பையன் மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். வைஃபையை அணையுங்கள். பாஸ்வேர்டுகளை அந்த லேப்டாப்பில் மாற்றாதீர்கள், புதியதையும் அது பதிவு செய்துவிடும்; வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். முதலில் மெயில், அடுத்து வங்கி, பிறகு விளையாட்டுக் கணக்கு. ஒவ்வொன்றிலும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள், இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். சமீபத்தில் அந்த லேப்டாப்பில் செருகிய பென்டிரைவ்களைத் தனியே எடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. வங்கிக்கும் தகவல் சொல்லிவிட்டு, சைபர்கிரைம் தேசியத் தளத்தில் எழுத்துப்பூர்வமாகவும் புகார் பதியுங்கள். ஃபைல் வந்த லிங்கையும், அனுப்பியவனின் பெயரையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போலீசார் முதலில் கேட்பது அதைத்தான்.