கன்னியம்மனைத் தேடிச் செல்வோர்: இருளரும் நமது ஒப்புரவும்

காஞ்சியைக் குறித்து எழுதப் புகுவோர் கோயில்களையும் பட்டுத்தறிகளையும் கூறி நிறுத்திவிடுவது வழக்கம். சுற்றுப்புற ஏரிக்கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் குடிசையிட்டு வாழும் இருளரைப் பற்றிய பேச்சு அரிது. 1839இல் ஸ்காட்லாந்து மிஷனரிமார் இந்நகரில் பள்ளி தொடங்கிய காலமுதல் வளர்ந்துவந்த நமது சபை வரலாற்றிலும் அவர்களை எளிதிற் காண இயலாது. பழங்குடியினரின் ஆன்மிகத்திலிருந்து கற்க விழையும் இறையியல் மாணவர் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை.

மாசி மாத முழுநிலவையொட்டி இருளர் பல ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரக் கடற்கரையிற் கூடுகின்றனர். (2019இல் செங்கற்பட்டு மாவட்டம் பிரியும்வரை அவ்வூரும் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்ததே.) அவர்கள் தெய்வமாகிய கன்னியம்மன் சினங்கொண்டு கடலுக்குட் சென்றுவிட்டாள் என்றும், அவளைச் சாந்தப்படுத்தி அழைக்கவே தாங்கள் வருவதாகவும் அவர்கள் கூறுவர். பல்லவரின் கற்கோயில்கள் அருகே நிற்க, இவர்கள் ஈரமணலைக் குவித்துப் படிகள் அமைத்து, பூவும் பழமும் வைத்து, விடியற்காலையில் வழிபடுகின்றனர். திருமணங்களும் அங்கேயே நடைபெறுகின்றன. பின்னர் அலை வந்து மணலைக் கரைத்துவிடுகிறது.

இதனை 'இயற்கை வழிபாடு' என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. நாம் கருதுவது வேறு. மனம் நொந்தவர் தாமே திரும்பி வரட்டும் எனக் காத்திராமல், அவர் இருக்குமிடம் தேடிச் சென்று சமாதானம் வேண்டுவதே இவ்வழிபாட்டின் உட்பொருள். மலைப்பிரசங்கத்தில் (மத். 5:23, 24) காணிக்கைக்கு முன்பாக ஒப்புரவு வைக்கப்பட்டிருப்பதை விளக்கும் போதகருக்கு இதனினும் ஏற்றதோர் உவமை கிடைப்பது அரிது. ஆயினும், உவமையை எடுத்துக்கொண்டு மக்களைக் கைவிடுவோமாயின் அதுவும் ஒருவகைச் சுரண்டலே.

ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தைக் கொண்டே பாம்பை நோக்கப் பழகிய நமக்கு இருளர் கற்பிக்கக்கூடியது மிகுதி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத்தோல் வாணிகம் நின்றபின், 1978இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பிடித்த பாம்பிலிருந்து மருந்துக்காக நஞ்சை எடுத்தபின் அதனை மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர். 2023இல் இருளர் இருவர் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

அதே இனத்தார்தாம் கொத்தடிமைகளாகவும் சிக்குண்டு கிடக்கின்றனர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. எனினும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் தொழிலிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டனர். அவர்களுள் முதியவர் ஒருவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்த படம் செய்தித்தாள்களில் வெளிவந்தது.

ஆஸ்திரேலிய ஐக்கிய சபை 2009இல் தன் அமைப்புச் சட்டத்திற்குப் புதிய முகவுரை ஒன்றை ஏற்றது. வெள்ளையர் வருமுன்னரே அந்நாட்டின் முதற்குடிகள் படைத்தவரை அறிந்திருந்தனர் என்றும், அவர்கள் நிலம் இழந்த அநீதியில் சபையாருக்கும் பங்குண்டு என்றும் அதில் அறிக்கையிட்டது. நாம் எவர் நிலத்தையும் பறிக்கவில்லையே எனச் சிலர் கூறலாம். நமது ஆலயச் சுவர்களின் செங்கல் எவர் உழைப்பால் எச்சூளையில் வெந்தது என்று நாம் கேட்டதுண்டோ?

எனவே, மாணவரின் களப்பணி நாட்களுட் சில வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலக வாயிலில் இருளரோடு காத்திருப்பதிற் கழியட்டும். அவர்கள் பிள்ளைகளுக்குரிய பழங்குடியினர் சான்றிதழ் அங்கேதான் தேங்கிக் கிடக்கிறது.