கண்காணா உழவர்

மண்ணை உயிரற்ற பொருளென்று கருதுவது உலக வழக்கு. ஆயினும், வளமான தோட்டத்து மண்ணில் ஒரு கிராம் எடுத்து ஆராயின், அதனுள்ளே கோடிக்கணக்கான உயிர்கள் குடியிருத்தல் புலனாகும். அவற்றுட் பெரும்பாலானவை பற்றீரியங்கள். அவற்றினிடையே நூலிழைபோற் படர்ந்து கிடப்பவை பங்கசுக்கள். 1676 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டுத் துணி வணிகராகிய இலீவன்கூக்கு, தாமே தேய்த்தமைத்த வில்லையினூடாக நீரில் வாழும் பற்றீரியங்களைக் கண்டார். ஆனால், மண்ணில் அவை ஆற்றும் தொழில் யாதென்பது விளங்குதற்கு மேலும் இருநூறு ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

பங்கசுக்களுக்குப் பச்சையம் இல்லை. பற்றீரியங்களுட் பெரும்பாலானவற்றுக்கும் இல்லை. ஆதலின் இவை பிற உயிர்கள் ஆக்கிய உணவை நாடியே வாழ்கின்றன. வாழும் முறை பற்றி இவற்றை மூவகையாகப் பகுக்கலாம். உதிர்ந்த இலையையும் சாணத்தையும் உக்கச்செய்து உண்பன அழுகல்வளரிகள். உயிருள்ள தாவரத்தை வருத்தி அதன் உணவைக் கவர்வன ஒட்டுண்ணிகள். தாவரத்துக்குக் கொடுத்தும் அதனிடம் பெற்றும் வாழ்வன ஒன்றியவாழிகள்.

ஒட்டுண்ணியின் ஆற்றலுக்கு இலங்கையின் வரலாறே சான்றாகும். 1869 ஆம் ஆண்டில் இங்குள்ள கோப்பித் தோட்டங்களிற் கண்ட துருநோயின் பங்கசை ஆங்கில அறிஞர் பேர்க்கிலி விவரித்துப் பெயரிட்டார். இலையின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சட் பொடியாகத் தோன்றிய அப்பங்கசு சில பத்தாண்டுகளுள் மலைநாட்டின் கோப்பிச் செய்கையை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை கைப்பற்றிக்கொண்டது. எனினும் பங்கசுகள் யாவும் பகையல்ல. தாவரங்களுட் பெரும்பாலானவற்றின் வேர்களோடு பங்கசு இழைகள் இணைந்து, வேர் எட்டாத இடங்களிலிருந்தும் பொசுபரசைக் கொணர்ந்து கொடுத்து, அதற்கு ஈடாக வெல்லத்தைப் பெறுகின்றன.

பற்றீரியங்களின் பெருந்தொழில் நைதரசனைப் பற்றியது. வளியில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசனே. எனினும், அதனைத் தாவரம் நேரே பயன்படுத்த இயலாது; கடல் சூழ்ந்திருந்தும் குடிக்க நீரில்லாதான் நிலை அதுவாகும். பயறு, உழுந்து, கச்சான், சணல் முதலிய அவரையினச் செடிகள் மாத்திரம் நைதரசன் குறைந்த மண்ணிலும் செழிப்பதன் காரணத்தை 1886 இல் செருமனிய அறிஞர்களாகிய எல்றீகலும் வில்பாத்தும் வெளிப்படுத்தினர். அச்செடிகளின் வேரிலுள்ள சிறுகணுக்களில் வாழும் பற்றீரியங்கள் வளியின் நைதரசனை அமோனியாவாக மாற்றிச் செடிக்கு அளிக்கின்றன. நன்கு தொழிற்படும் சிறுகணுவைப் பிளந்து நோக்கின், அதன் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். சணலை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மண்ணோடு உழுது புதைக்கும் கமக்காரன் பெறும் பசளையில் ஒரு பகுதி இவ்வாறு வளியிலிருந்து வந்ததே.

புதைத்த தழையும் பட்டியடைத்த ஆட்டின் எருவும் உக்கும்போது அமோனியா பிறக்கிறது. யூரியாவும் மண்ணில் அமோனியாவாகவே மாறுகின்றது. அதனை ஒருவகைப் பற்றீரியம் நைத்திரைற்றாகவும், வேறொருவகை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை பிறர் ஆக்கிய உணவை நாடாது, இம்மாற்றத்தால் வரும் சத்தியைக் கொண்டே காபனீரொட்சைட்டிலிருந்து தம் உணவை ஆக்குவன. இவ்வுண்மையை 1890 ஆம் ஆண்டளவில் நிறுவியவர் உருசிய அறிஞர் வினோகிராட்சுக்கி. நீர் தேங்கிய வயலில், ஒட்சிசன் இல்லாவிடத்து, இன்னொருவகைப் பற்றீரியம் நைத்திரேற்றைச் சிதைத்து நைதரசனை வளிக்கே திருப்பிவிடுகிறது. நெல்வயலுக்கு நைத்திரேற்றுப் பசளை ஏற்றதன்று என்பது இதனாலேயாம்.

மண்ணிற் பிறந்த நைத்திரேற்று மண்ணோடு நிற்பதில்லை. அமோனியத்தைக் களித்துணிக்கைகள் பற்றிக்கொள்ளும். நைத்திரேற்றோ மழைநீரோடு கீழிறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இஃது உயிர்நிலையான செய்தி. அங்கே வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களிற் சேர்ந்த மழைநீரே கிணற்றுநீர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டங்களில் அளவின்றி இட்ட பசளையும், மலக்குழிகளின் கழிவும் அவ்வெடிப்புக்களின் வழியே கிணற்றை அடைகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அளவு இவ்வெல்லையைத் தாண்டியிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதனால் முதலில் இடர்ப்படுவோர் கைக்குழந்தைகள். குழந்தையின் குடலிலுள்ள பற்றீரியங்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக்க, அது குருதியிற் கலந்து ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும்; குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்கவைத்தால் நோய்க்கிருமிகள் மடியும். நைத்திரேற்றோ மடிவதற்கு உயிரன்று. நீர் ஆவியாகி வற்றுந்தோறும் அதன் செறிவு மிகுமேயன்றிக் குறையாது. ஆதலின் கைக்குழந்தைக்குப் பாலுணவு கரைக்கும் நீரைச் சோதித்தறிதல் இன்றியமையாதது.

பற்றீரியத்துக்கு நன்மை தீமை என்னும் வேறுபாடில்லை. தோட்டத்திற் பயிரை வளர்ப்பதும் கிணற்றிற் கேட்டை விளைப்பதும் ஒரே தொழிலே. பயிர் கொள்ளும் அளவுக்குப் பசளையைச் சிறிது சிறிதாகப் பகுத்திடுதலும், அவரையினப் பயிரை மாற்றிப் பயிரிடுதலும், மலக்குழியைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைத்தலும் மாந்தர் கையில் உள்ளன. கண்காணா உழவர் தம் தொழிலை ஒருபோதும் நிறுத்தார். அவர்க்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அறிந்து கொடுத்தலே கண்ணுள்ள உழவனின் கடன்.