ஒரு தாயின் துயரம் ஊரெல்லாம் பேசும் கோரிக்கையானது எப்படி?



நம் பங்குகளில் பெண்களுக்கான அமைப்புகளுக்குக் குறைவில்லை. மாதந்தோறும் கூடுகிறார்கள், சந்தா கட்டுகிறார்கள், நோயாளிகளைப் போய்ப் பார்க்கிறார்கள். திருவிழா என்றால் முதல் ஆளாக வந்து நிற்கிறார்கள். ஆனால், இந்த ஆண்டு எந்தப் பிரச்சினையைக் கையில் எடுப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலும் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். இல்லாவிட்டால், கூட்டத்தில் நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர் முடிவு செய்துவிடுவார்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் மனதில் இருப்பது, கூட்டம் முடிந்து அவரோடேயே வீட்டுக்குத் திரும்பிவிடும்.

இதை வேறு வழியில் செய்துவருகிற ஒரு பெண்கள் அமைப்பைப் பற்றி இன்று பார்ப்போம். ‘விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்’ என்பது அதன் பெயர். நாம் மகளிர் மன்றம் என்று சொல்லலாம். இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரக்கணக்கான கிளைகளோடு இயங்கினாலும், இது பிறந்த இடம் கனடா. அங்கே அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய், 1889-ஆம் ஆண்டு தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். சுத்தமில்லாத பாலே காரணம் என்று சொல்லப்படுகிறது. பாலை எப்படிப் பாதுகாப்பது, வீட்டை எப்படிச் சுகாதாரமாக வைப்பது என்பதையெல்லாம் பெண்களுக்கு யாரும் முறையாகக் கற்றுக்கொடுக்கவில்லையே என்ற ஆதங்கம் அவரை விடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1897-ஆம் ஆண்டு ஸ்டோனி கிரீக் என்ற ஊரில் நடந்த கூட்டத்துக்கு 101 பெண்கள் வந்தார்கள். அதுவே முதல் மன்றம்.

இந்த விதை நம் பக்கமும் வந்து விழுந்தது என்பதைச் சொல்லாமல் போக முடியாது. மேரி என்ற கனடா நாட்டு மருத்துவர் 1896-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவர் இரத்தினம் என்ற தமிழர். டாக்டர் மேரி இரத்தினம் என்றால் கொழும்பில் அறியாதவர் இல்லை என்ற நிலை பிறகு வந்தது. தன் நாட்டு மகளிர் மன்றங்களை மனதில் வைத்து, 1930-ஆம் ஆண்டு ‘லங்கா மகிளா சமிதி’ என்ற அமைப்பை அவர் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் அதன் வழியாகச் சுகாதாரமும் கைத்தொழிலும் கற்றார்கள். 1958-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

பிரிட்டனில் முதல் மன்றம் 1915-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வேல்ஸ் நாட்டில் ஒரு சிறிய ஊரில் தொடங்கியது. பிரிட்டனில் அப்போது பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. ஆனால் மன்றத்துக்குள் இருந்தது! தலைவரையும் செயற்குழுவையும் உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்ப் பண்ணையாரின் மனைவிக்கும் அவர் வயலில் வேலை செய்பவரின் மனைவிக்கும் ஒரே சந்தா, ஆளுக்கு ஒரே ஓட்டு. பண்ணையார் அம்மாவே பல ஊர்களில் தலைவரானார் என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த நாற்காலி ஓட்டு மூலம்தான் அவருக்குக் கிடைக்க வேண்டியிருந்தது.

இந்த மன்றம் உறுப்பினர்களை எப்படித் தாங்குகிறது என்று கேட்டால், பதில் மிகச் சாதாரணமாக இருக்கும். மாதம் ஒரு கூட்டம். முதலில் மன்றத்து அலுவல்கள், பிறகு ஒரு பேச்சாளர் அல்லது கைவேலைப் பயிற்சி, பிறகு தேநீர். அந்தத் தேநீர் நேரத்தை நாம் லேசாக நினைத்துவிடக் கூடாது. கணவனை இழந்தவர், புதிதாக அந்த ஊருக்கு வாழ வந்தவர், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில் தனியாக இருப்பவர் எல்லாரும் வாய் திறப்பது அங்கேதான். அலுவல் நேரத்தில் எழுந்து பேசத் துணிவில்லாதவர்கூட, கையில் கோப்பையோடு பக்கத்தில் நிற்பவரிடம் மனதைத் திறந்துவிடுவார்.

ஆறுதலோடு பயிற்சியும் உண்டு. கூட்டத்தை நடத்துவது, நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது, கணக்கு வைப்பது, ஒரு கருத்தை ஐந்து நிமிடத்தில் எடுத்துச் சொல்வது ஆகியவற்றையெல்லாம் அனுபவமுள்ள உறுப்பினர்கள் கிளைகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1948-இல் பெண்கள் சில நாள்கள் தங்கிப் படிப்பதற்கென்றே டென்மன் கல்லூரியைத் தொடங்கினார்கள். வீட்டுப் பொறுப்பை இறக்கிவைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் படிக்கப் போவது அந்தக் காலத்துக் கிராமத்துப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கல்லூரி 2020-இல் மூடப்பட்டது வருத்தத்துக்குரியது.

இனி, பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். எந்த உறுப்பினரும் ஒரு தீர்மானத்தை முன்மொழியலாம். பதவி தேவையில்லை. நாடெங்கும் இருந்து வரும் முன்மொழிவுகளைச் சலித்து ஒரு குறும்பட்டியல் தயாரிக்கிறார்கள். இது தேசிய அளவிலான பிரச்சினையா, நம்மால் ஏதாவது மாற்றம் கொண்டுவர முடியுமா, கட்சி அரசியல் கலந்திருக்கிறதா என்றெல்லாம் அப்போது பார்க்கிறார்கள். பட்டியல் கிளைகளுக்கு வருகிறது. தனக்கு முக்கியமாகப் படுவது எது என்று ஒவ்வொரு உறுப்பினரும் தெரிவிக்கிறார். அதிக ஆதரவு பெற்ற ஓரிரு தீர்மானங்கள் மட்டும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகின்றன.

அதற்கு முன் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆதரிப்போரின் வாதங்களையும் எதிர்ப்போரின் வாதங்களையும் எழுதி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புகிறார்கள். கிளைகள் அமர்ந்து விவாதித்து, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று தங்கள் பிரதிநிதியிடம் சொல்லி அனுப்புகின்றன. பொதுக்கூட்டத்தில் இரு தரப்பையும் கேட்டபின் சொந்த முடிவெடுக்கும் உரிமையையும் பிரதிநிதிக்குக் கொடுக்கலாம். இவ்வளவும் முடிய மாதங்கள் ஆகும். ‘இத்தனை சுற்று எதற்கு?’ என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், தானே பேசி, தானே ஓட்டுப் போட்டு எடுத்த முடிவுக்காகத்தான் ஒருவர் மழையிலும் வெயிலிலும் போய்க் கையெழுத்து வாங்குவார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மன்ற உறுப்பினர் ஒருவரின் மகன் மனநோயால் அவதிப்பட்டவர். மருத்துவமனையில் இருந்திருக்க வேண்டிய அவர் சிறையில் இருந்தார். அங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இப்படி ஒரு சாவு நடந்த வீட்டுக்கு நாம் என்ன செய்வோம்? போய் உட்கார்ந்து அழுவோம், செபிப்போம், சமைத்துக் கொடுப்போம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாயின் கேள்வி, என் மகன் ஏன் சிறையில் இருந்தான் என்பது, அப்படியே நின்றுவிடும். மன்றத்தில் அந்தக் கேள்வி தீர்மானமாக எழுதப்பட்டது. கிளைகள் அதை விவாதித்தன. 2008-ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. ‘சிறை வேண்டாம், சிகிச்சை வேண்டும்’ என்ற பொருளில் பெயர் வைத்து, சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைக்கும் அமைப்போடு கைகோத்துப் பல ஆண்டுகள் அரசிடம் வாதாடினார்கள். காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ கொண்டுவரப்படும் மனநோயாளியை அங்கேயே அடையாளம் கண்டு சிகிச்சைக்கு வழிகாட்டும் சேவை இங்கிலாந்தில் பரவலானதற்கு அவர்களுடைய விடாமுயற்சியும் ஒரு காரணம்.

எல்லாத் தீர்மானமும் உடனே பலிப்பதில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்று 1943-இல் கேட்டார்கள். சட்டம் வந்தது 1970-இல். தெருவில் குப்பை போடுவதை எதிர்த்து 1954-இல் நிறைவேற்றிய தீர்மானமோ, ‘கீப் பிரிட்டன் டைடி’ என்று நாடே அறிந்த இயக்கமாக விரைவில் வளர்ந்தது. 2017-இல் இரண்டு தீர்மானங்கள் ஏற்கப்பட்டன: ஒன்று கடலில் சேரும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளைப் பற்றியது, மற்றொன்று தனிமையைப் பற்றியது. தேநீர் நேரத்தில் பல காலமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த தனிமை, கடைசியில் மேடைக்கே வந்துவிட்டது!

கட்சி அரசியல் கூடாது என்ற விதியை அவர்கள் எவ்வளவு கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் வெம்பிளியில் சுமார் 10,000 உறுப்பினர்கள் கூடியிருந்தார்கள். பிரதமர் டோனி பிளேர் பேச வந்தார். பேச்சு தம் அரசின் பெருமையை நோக்கிப் போனதும், பெண்கள் மெதுவாகக் கைதட்டத் தொடங்கினார்கள். அந்த நாட்டில் அப்படித் தட்டினால் ‘போதும், நிறுத்துங்கள்’ என்று பொருள். பழம் பதப்படுத்துகிற, கேக் செய்கிற பெண்கள்தானே என்று நினைத்து வந்தவருக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். அவர்களுக்குள் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. மேடை ஒரு கட்சிக்குப் போய்விட்டால் மற்றவர்கள் வாய் மூடிவிடுவார்கள், அடுத்த தீர்மானத்தை எழுதத் துணிய மாட்டார்கள்.

பட்டியலில் இடம் பெறாமல் போனவர்களின் கதி என்ன என்று கேட்பீர்கள். ஒவ்வோர் ஆண்டும் பலருடைய முன்மொழிவுகள் அப்படி நின்றுபோகின்றன. மனம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் காகிதம் குப்பைக்குப் போக வேண்டியதில்லை. அதையே இன்னும் தெளிவாக எழுதி, பக்கத்துக் கிளைகளிடமும் பேசிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடியும் அனுப்பலாம்.