மார்பைத் தொடும் பக்கம்

ஹைதராபாத் நிஜாம் குடும்பத்து நகைகள் 173-ஐ மத்திய அரசு 1995-இல் ரூ. 218 கோடி கொடுத்து வாங்கியது. 2001, 2007, 2019 ஆகிய ஆண்டுகளில் டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் அவை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 184.75 காரட் எடையுள்ள ஜேக்கப் வைரமே பெரிதும் பேசப்பட்டது. மீர் உஸ்மான் அலீ கான் அதைத் தம் தந்தையாரின் காலணிக்குள் கண்டெடுத்து, காகிதம் பறக்காதிருக்கப் பயன்படுத்தினார் என்பர். ஆனால் அந்த ஒற்றைக் கல்லைவிட, அத்தொகுப்பிலுள்ள குந்தன் நகைகளே வியக்கத்தக்கவை.

கல்லைச் சுற்றிச் சொக்கத்தங்கத் தகட்டை அழுத்தி இறுக்குவது குந்தன் வேலை. உள்ளே அரக்கு நிரப்பியிருக்கும். முன்புறம் வைரமும் மரகதமும் மின்னும். பின்புறமோ, பூவும் கொடியுமாய் மீனா வேலை! எதிரில் நிற்பவர் அதைக் காண இயலாது. அணிந்தவரின் மார்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் அது. தங்கத்தில் பள்ளம் செதுக்கி, வண்ணக் கண்ணாடித் தூளை நிரப்பி, நெருப்பில் உருக்குவார்கள். மிகுந்த வெப்பம் தாங்கும் நிறம் முதலில். எளிதில் கெடும் சிவப்பு கடைசியில்.

பீங்கான் சூளைகளுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் வாழும் எமக்கு இது அந்நியமானதன்று. பீங்கான்மீது பளபளக்கும் பூச்சும் நெருப்பில் உருகிய கண்ணாடியே. கோபால்ட் தரும் நீலமும் செம்பு தரும் பச்சையும் இரண்டுக்கும் பொது. (நம் வீட்டு எனாமல் தட்டும் இவற்றின் ஏழை உறவுதான்!)

இத்தகைய பழைய வேலைப்பாடு, சிறிய அளவிலேனும், நம் இல்லத்துப் பெட்டிகள் சிலவற்றிலும் இருக்கக்கூடும். பெண்ணுக்கு நிக்காஹ் நிச்சயமானதும் 'பழைய உரு' என்று அதை உருக்கக் கொடுத்துவிடுகிறோம். கல்லையும் அரக்கையும் மீனாவையும் கழித்துவிட்டுத் தங்கத்திற்கு மட்டுமே கடைக்காரர் விலை பேசுவார். புது நகைக்குச் செய்கூலி, சேதாரம் தனி. கைவேலையைத் தீயிலிட்டு, இயந்திர அச்சுக்குக் கூலி கொடுக்கும் இந்த வியாபாரம் எமக்கு விளங்கவேயில்லை.

ரமளான் வந்தால் தாய்மார்கள் கேட்பதுண்டு: இந்நகைக்கு ஜகாத் எவ்வாறு? மொத்த எடைக்கன்று, தங்கத்தின் எடைக்கே கணக்கு. அணியும் தங்க நகைக்கும் ஹனஃபீ மத்ஹபில் ஜகாத் கடமை. ஷாஃபிஈ மத்ஹபில், அளவோடு அணிவதற்கு இல்லை. அணியும் கற்களுக்கு இரண்டிலும் இல்லை. எடை அறிய உருக்க வேண்டுவதில்லை. அனுபவமுள்ள பொற்கொல்லர் மதித்துச் சொல்வார். ஐயமிருப்பின் சற்றுக் கூட்டியே கொடுத்துவிடலாம்.

இந்நகைகளைச் சோப்பு நீரில் ஊறவைக்காதீர்கள். ஈரம் புகுந்தால் அரக்குத் தளரும். கல்லின் பின்னுள்ள தகடு கறுக்கும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, பருத்தித் துணியில் தனியே சுற்றி வையுங்கள்.