தண்ணீர் குடிக்கும் ஜல்லி!

2022, ஆகஸ்ட் 28. உத்தரப் பிரதேச மாநிலம், நொய்டா. மதியம் 2:30 மணி.

'டமார்!' என்று பெரும் சத்தம். டில்லி குதுப்மினாரைவிட உயரமான இரட்டைக் கட்டடங்கள், சுமார் ஒன்பதே விநாடிகளில் சரிந்து தரைமட்டமாகிவிட்டன. விதிகளை மீறிக் கட்டப்பட்டதால், சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி அவற்றை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

புழுதி அடங்கியது. அடுத்த கேள்வி எழுந்தது. சுமார் 80 ஆயிரம் டன் இடிபாடுகளை என்ன செய்வது?

ஒரு பகுதியை, கட்டடத்தின் அடித்தளப் பள்ளத்தை நிரப்பவே பயன்படுத்திக்கொண்டார்கள். இன்னொரு பகுதி, லாரி லாரியாக நொய்டாவில் உள்ள மறுசுழற்சி ஆலைக்குப் போனது.

இப்படிப்பட்ட ஆலையில் கான்கிரீட் துண்டுகளை ராட்சத இயந்திரம் நொறுக்கும். காந்தம், இரும்புக் கம்பிகளை இழுத்துக்கொள்ளும். பிறகு சல்லடைகளில் சலித்து, பெரியது, சிறியது எனப் பிரிப்பார்கள். பழைய கட்டடம், புதிய ஜல்லியாகிவிடும்!

இதனால் என்ன லாபம்? ஜல்லிக்காக மலைகளை உடைப்பது குறையும். இடிபாடுகளை ஏரி, குளங்களில் கொட்டும் கொடுமையும் குறையும்.

ஆனால், இந்த ஜல்லியிடம் ஒரு குணம் உண்டு. அதற்குத் தாகம் அதிகம்!

ஏன் இந்தத் தாகம்?

கருங்கல் ஜல்லி நெருக்கமானது. தண்ணீர் புக அதில் இடம் மிகக் குறைவு. 100 கிலோ கருங்கல் ஜல்லி, பெரும்பாலும் ஒரு லிட்டர் தண்ணீரைக்கூடக் குடிக்காது.

மறுசுழற்சி ஜல்லியிலும் உள்ளே கருங்கல்தான் இருக்கிறது. ஆனால், அதைச் சுற்றிப் பழைய சிமென்ட் சாந்து ஒட்டிக்கொண்டிருக்கிறதே! அந்தச் சாந்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். நொறுக்கும்போது மெல்லிய விரிசல்களும் விழுந்துவிடும். அவை எல்லாம் தண்ணீரை உறிஞ்சும். அதனால், 100 கிலோ மறுசுழற்சி ஜல்லி ஐந்து, ஆறு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடக் கூடும். அதிலும் பெரும்பகுதியை, முதல் சில நிமிடங்களிலேயே!

குடித்தால் குடிக்கட்டுமே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்.

கான்கிரீட், களிமண் போலக் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்துதான் இறுகுகின்றன. ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமென்ட்டுக்கு, ஏறத்தாழ 25 லிட்டர் தண்ணீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதில் போடும் 150 கிலோ ஜல்லியும் மறுசுழற்சி ஜல்லியாக இருந்தால், ஒன்பது லிட்டரை அதுவே குடித்துவிடலாம்! கலவை கெட்டியாகிவிடும். கம்பிகளுக்கு இடையே சரியாக இறங்காது. பொந்து விழும்.

'அப்படியானால், கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால் போச்சு' என்று தோன்றுகிறதா? அளவில்லாமல் ஊற்றினால் அதுவும் ஆபத்து. மிஞ்சிய தண்ணீர் பின்னர் ஆவியாகும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகும். கான்கிரீட் பலம் குறையும். மழைநீர் உள்ளே புகுந்து கம்பி துருப்பிடிக்கும்.

செங்கல் சொல்லும் வழி

வீடு கட்டும் இடத்தில் செங்கற்களைத் தண்ணீரில் ஊறப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஊறாத செங்கல், சாந்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். சாந்து சரியாகப் பிடிக்காது. கொத்தனார்களுக்குக் காலம் காலமாகத் தெரிந்த விஷயம் இது.

இங்கும் அதே வழிதான்! கலவையில் போடும் முன்பே, ஜல்லியின் தாகத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் நாட்டில் ஜல்லிக்கான தர விதி ஐ.எஸ்.383. இதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் மறுசுழற்சி ஜல்லியை, முதலில் நனைத்துவிட்டே பயன்படுத்தச் சொல்கிறது. ஊறிய ஜல்லியிலிருந்து தண்ணீர் சொட்டவும் கூடாது. சொட்டினால் அதுவும் கலவையில் சேர்ந்துவிடுமே!

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கான்கிரீட் இறுக இறுக, உள்ளே ஈரம் குறையும். அப்போது, ஜல்லி தான் குடித்து வைத்திருந்த தண்ணீரை மெல்ல மெல்ல வெளியே விடும். வெளியிலிருந்து நாம் தண்ணீர் தெளிப்பது போல, இது உள்ளேயிருந்தே தெளிக்கும்!

ஆனாலும், நுண்துளைகள் மறைந்துவிடுவதில்லை. இந்தக் கான்கிரீட் உலரும்போது சற்று அதிகமாகச் சுருங்கும். விரிசல் விழ வாய்ப்புண்டு. அதனால்தான் அந்த விதி, கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை மட்டுமே மறுசுழற்சி ஜல்லியை அனுமதிக்கிறது. அதுவும் எம்-25 தரம் வரைதான். கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை சேர்க்கலாம்.

நீங்களே சோதிக்கலாம்!

ஒரு கருங்கல் ஜல்லி, பழைய சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு சிமென்ட் துண்டு, இரண்டையும் பெரியவர்களிடம் கேட்டு வாங்குங்கள். இடிக்கும் இடத்துக்கு நீங்கள் போகக் கூடாது!

இரண்டையும் நன்றாக வெயிலில் காய வையுங்கள். ஒவ்வொன்றின் மீதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எதில் சீக்கிரம் மறைகிறது?

பிறகு, இரண்டையும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். சிமென்ட் துண்டிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழிகள் கிளம்பும். நுண்துளைகளில் இருந்த காற்று அது. காற்று வெளியேற, தண்ணீர் உள்ளே குடியேறுகிறது!