முள்ளைக் கண்டு முளையைக் களையற்க

ரப்பர்த் தோட்டமாயினும் தேயிலைத் தோட்டமாயினும் வீட்டின் பின்புறத்தில் கனிமரம் ஒன்று நிற்பது நன்று. 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற கேமரன் மலையில் ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றை விதையிட்டே வளர்க்கலாம். ஆயினும், கன்றில் முள்ளைக் கண்டதும் காட்டுச்செடியெனப் பிடுங்கிவிடுவதுண்டு. விதைக்கன்றுக்கு இளமையில் முள் மிகுதியாயிருத்தல் இயல்பே.

இவற்றைப் பிரித்தறிவது எளிது. எலுமிச்சை இனத்தில் முள் இலைக்கணுவில் தனித்து நிற்கும். இலையைக் கசக்கினால் பழத்தோலின் மணம் வீசும். காட்டு ராஸ்பெரியின் வளைந்த முட்கள் தண்டெங்கும் பரவியிருக்கும். அதன் செம்பழம் சிறுமணிகள் திரண்டது. உண்ணிச்செடிக்குத் தண்டு நாற்கோணமானது. சொரசொரப்பான இலைகள் எதிரெதிராக அமைந்து, கசக்கினால் நெடி வீசும். மலாய்க்காரர் இதனைப் 'பூஙா தாய் ஆயாம்' என்பர். இதன் இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சாகும். பச்சைக்காயைப் பிள்ளைகள் தின்னலாகாது. இதனை வேரோடு அகற்றுவோமாக.

எலுமிச்சை விதை உலர்ந்தால் முளைப்புத்திறன் குன்றும். ஆதலால், பழுத்த கனியிலிருந்து எடுத்தவுடன் கழுவி, அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, ஈரம் காத்தல் வேண்டும். ஒரே விதையில் இரண்டு மூன்று முளைகள் எழுவதுண்டு. அவற்றுட் பல தாய்மரத்தையே ஒத்திருக்கும். சில இலைகள் விட்டபின் அவற்றைப் பிரித்து நடலாம்.

விதைக்கன்று காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும்; ஒட்டுக்கன்று அதனினும் விரைந்து காய்க்கும். பல்லாண்டுப் பொறுமை ஒரு நொடியில் வீணாகாதிருக்க, களைக்கத்தியை எடுக்குமுன் ஓரிலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்போமாக.