காற்றா, ஈரமா, கிருமியா?

கார்த்திகை மாதத்து அடைமழை பிடித்துக்கொண்டால், கோட்டூர்புரத்து ஜனங்களின் பார்வை அடிக்கடி அடையாற்றின் பக்கம் திரும்புவது வழக்கமாகிவிட்டது. 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவு அந்த ஆறு கரை கடந்து நம் தெருக்களுக்குள் புகுந்ததை மறக்க முடியுமா? வெள்ளம் சில நாட்களில் வடிந்தது, சேறு தங்கிவிட்டது. சேற்றின் பின்னாலேயே சுரமும் வந்தது.

நம் தமக்கையாரின் குமாரன் முழங்கால் அளவு நீரில் இறங்கி, அண்டை வீட்டாருக்குப் பாலும் ரொட்டியும் கொண்டு கொடுத்தவன். ஒரு வாரம் கழித்து அவனுக்குக் குளிர்சுரம் கண்டது. "ஈரக் காற்றுப் பட்டுவிட்டது, வேறொன்றுமில்லை" என்றார் அன்னையார். நாமும் தலையசைத்தோம். மூன்று நாள் சுக்குக் கஷாயம் நடந்தது. நான்காம் நாள் கண்கள் சிவந்து, பிறகு மஞ்சளித்தன. கெண்டைக்கால் வலி தாளாமல் பையன் துடித்தான். இரத்தப் பரிசோதனையில் எலிக் காய்ச்சல் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பென்சிலின் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். பட்டம் பெற்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம் மூன்று நாள் வாளாவிருந்தோமே என்ற குறுகுறுப்பு இன்னும் அகலவில்லை.

அந்தக் குறுகுறுப்பினாலேயே, நம் பேட்டையிலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்குச் சென்று, காற்றும் ஈரமுமே வியாதிக்குக் காரணம் என்னும் சாஸ்திரங்களைத் தேடிப் படித்தோம். சித்த வைத்தியத்தைத் தேடிப் போன இடத்தில் சீன வைத்தியமும் அகப்பட்டது.

சீனத்தில் சென் யான் என்னும் வைத்தியர் 1174-ல் ஒரு நூல் எழுதி, நோய்க் காரணங்களை மூன்றாக வகுத்தார். வெளியிலிருந்து வருபவை ஆறு: காற்று, குளிர், கோடை வெப்பம், ஈரம், வறட்சி, தீ. உள்ளிருந்து எழுபவை ஏழு: மகிழ்ச்சி, கோபம், கவலை, ஓயாச் சிந்தனை, துக்கம், அச்சம், திடுக்கீடு. கோபம் ஈரலைக் கெடுக்கும். அச்சம் சிறுநீரகத்தைத் தாக்கும். மகிழ்ச்சியையும் நோய்க் காரணங்களில் சேர்த்திருப்பதைக் கண்டு நேயர்கள் வியக்கக்கூடும். அளவு மீறிய மகிழ்ச்சி இருதயத்தை நிலைகுலையச் செய்யும் என்பது அவர்கள் கருத்து. ஊண், மிகையான உழைப்பு, காயம், விலங்குக் கடி ஆகியவை மூன்றாம் வகை.

காரணத்தை வகுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. சீன வைத்தியர் நோயின் பெயரைக் காட்டிலும் அதன் கோலத்தையே பெரிதாகக் கொள்வார். சாதாரண ஜலதோஷத்தையே எடுத்துக்கொள்வோம். உடல் நடுங்கி, வியர்வையின்றி, மூக்கில் தெளிந்த நீர் ஒழுகினால் அது குளிர்க்காற்றின் கோலம். தொண்டை புண்ணாகி, தாகமெடுத்து, சளி மஞ்சளாகத் திரண்டால் அது வெப்பக்காற்றின் கோலம். முன்னதற்கு உடலைச் சூடாக்கும் மருந்து. பின்னதற்கு அதே மருந்து தீங்கு செய்யும். எவ்வகைச் சளியானாலும் சுக்கையே தேடும் நம் வீட்டு அடுக்களை இதைச் சற்றுக் கவனிக்கலாம்! கோலத்தை அறிய நாக்கின் நிறத்தையும் படிவையும் பார்ப்பார்கள்; மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பிடிப்பார்கள்.

மூன்று விரல் என்றதும் நம் சித்தர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தே வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நடையை அறிந்தார்கள். ஆனால் பருவக் கணக்கில் இரு நாட்டாரும் பிரிந்துபோகிறார்கள். சீன நூல்களில் இலையுதிர்காலம் வறட்சிக்கு உரியது. அப்போது நுரையீரலைக் காக்க வேண்டும் என்பார்கள். அதே மாதங்களில் சென்னையில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது! அந்தக் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவந்தால், அடையாறு கரைபுரளும்போது வறட்சிக்கு மருந்து தின்ன வேண்டியதுதான். சித்தர் கணக்கு இந்த மண்ணில் பிறந்தது. ஆவணி, புரட்டாசியாகிய கார் காலத்தில் பித்தம் தன் இடத்திலேயே பெருகும்; ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிரில் இடம் விட்டுப் பரவும்; முன்பனியில் அடங்கும். காரண சாஸ்திரம் என்பது பிறந்த ஊரின் வானத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பருவம் ஒன்றையே காரணமாகச் சொல்வது போதாது என்று சீனத்திலேயே ஒருவர் கண்டார். கொள்ளைநோய் பரவிய காலத்தில், 1642-ல், ஊ யோகே என்பவர் இதைப் பற்றி எழுதினார். காற்றுக்கும் குளிருக்கும் அப்பாற்பட்ட ஏதோ ஒரு கேடு வாய், மூக்கு வழியே உட்புகுகிறது. வெவ்வேறு நோய்க்கு வெவ்வேறு கேடு உண்டு என்றார். அவரிடம் பூதக்கண்ணாடி இல்லை. எலிக் காய்ச்சலின் கிருமியை ஜப்பானிய டாக்டர்களான இனாடாவும் இடோவும் 1915-ல் கண்டறிந்தார்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரில் அது வாழ்கிறது. காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடம்புக்குள் நுழைகிறது.

நம் பையனின் மஞ்சள் கண்ணையும் சுரத்தையும் சீன வைத்தியர் கண்டிருந்தால் "ஈரமும் வெப்பமும் கூடிய கோலம்" என்றிருப்பார். அது தவறென்று சொல்லமாட்டோம்; ஈரத்திலிருந்து வந்ததுதானே? ஆயினும் எந்த ஈரம், அதில் என்ன இருந்தது என்பதை இரத்தத் துளிதான் சொல்லிற்று. மூன்று நாள் முன்னதாகவே சொல்லியிருக்கும், நாம் கேட்டிருந்தால்.

இப்பொழுது மழைக்காலத்தில் வீட்டில் எவருக்கேனும் சுரம் கண்டால், அன்னையார் வழக்கம்போல் சுக்குத் தட்டுகிறார். நாம் காலில் கீறல் உண்டா, சேற்றில் நடந்ததுண்டா என்று விசாரித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கு அழைத்துப் போகிறோம். திரும்பி வரும்போது கஷாயம் ஆறியிருக்கிறது. அதையும் குடிக்கச் சொல்கிறார்.